பனிச்சறுக்குப் பையில் ஒரு ஜேர்மன் வீடு

என்னுடைய மடைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுடைய மடைமைக்குப் பிறகு வருவோம். அதற்கு நிறைய இடம் வேண்டும்.

ஜேர்மனியின் பழைய மரச்சட்ட வீடுகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சுவருக்குள் ஒளிந்திருக்க வேண்டிய தூணும் விட்டமும் வெளியே கறுப்பாகத் தெரியும். இடைவெளிகளில் மண்ணையும் வைக்கோலையும் குழைத்து அடைத்து வெள்ளை பூசியிருப்பார்கள். எலும்புக்கூட்டைச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். நேரான அந்த மரங்களின் மூலைகளில் சில மரங்கள் சாய்வாக நிற்கும். சில இடங்களில் முக்கோணமாக உட்கார்ந்திருக்கும். இந்தச் சாய்வுகளெல்லாம் அலங்காரம் என்று நான் நம்பியிருந்தேன். இப்படிப்பட்ட வீடுகள் நிறைந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக பஸ் ஓட்டிக்கொண்டே நம்பியிருந்தேன். வேலை முடிந்த சந்தோசத்தில் தச்சர்மார் நாலு துண்டைக் கூடுதலாகச் செருகி, அதிலே விசிறி விசிறியாகச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

இதில் பாதிப் பொறுப்பு எதிர்வீட்டு ஹார்ட்மூட்டுடையது. ஓய்வுபெற்ற பல் வைத்தியர். காலம் முழுக்க மற்றவர்களின் வாயைத் திறக்க வைத்தவர், இப்போது தன் வாயை மூடுவதில்லை. அவர் குடியிருப்பது ஒரு பழைய மரச்சட்ட வீடு. ஞாயிற்றுக்கிழமை நான் குப்பை கொட்டப் போனால் பிடித்துக்கொள்வார். எங்கள் வடக்கிலே, அதாவது கீழ்ச் சாக்சனியிலே, தூண்களை நெருக்கமாக நடுவார்களாம். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியை விட வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், கலியாணமாகிப் பத்து வருடமான ஆண்களின் வயிறுபோல. தூணின் அடியிலே முக்கோணக் கட்டை, அதிலே பாதிச் சூரியன் மாதிரி விசிறிச் செதுக்கல். இன்னும் பழைய வீடென்றால் விசிறிக்குப் பதில் படிக்கட்டுபோல வெட்டு. தென்மேற்கிலே அலமானியப் பாணி: தூண்களைத் தூரத் தூர நட்டு, சாய்வு மரத்தைத் தூணுக்கு மேலாலேயே பதித்துவிடுவார்கள். நடுவிலே, ஹெஸ்ஸன், பிராங்கோனியா பக்கம், சாய்வு மரங்களை மேலும் கீழுமாக விரித்து வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஆள் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு சுவருக்குள் நிற்பதுபோலத் தெரியும். அதற்குப் பெயர் காட்டு மனிதன்.

காட்டு மனிதன் என்று சொல்லும்போது ஹார்ட்மூட்டின் மூக்கு கொஞ்சம் சுருங்கும். வடக்கத்தியான் தெற்கத்தியானைப் பற்றிக் கதைக்கும்போது வருகிற சுருக்கம். யாழ்ப்பாணத்திலே பிறந்த ஒருவனுக்கு அந்த மூக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நானும் சுருக்கினேன். அன்றைக்கே நான் கீழ்ச் சாக்சனிக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சாய்வு மரம் ஏன் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் நான் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

இப்படிக் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஊர் உலகமெல்லாம் அளந்துகொண்டு திரிந்ததன் பலன், ஒஸ்லோவிலிருந்து அக்கா ஜெசிந்தாவின் ரெலிபோன்.

“தம்பி யூட், இந்த முறை ஒளிவிழாவுக்குக் குடில் எங்கடை பொறுப்பு. போன முறை கட்டினவை செய்த குடிலைப் பாத்திட்டு ஆரோ பஸ் நிப்பாட்டம் எண்டு நினைச்சு உள்ளை போய் நிண்டவை. நீ எந்த நேரமும் ஜேர்மன் வீடு, ஜேர்மன் வீடு எண்டு கதைக்கிறனி எல்லே. வந்து ஒண்டைக் கட்டித் தா.”

நத்தாருக்கு முந்திய ஒரு ஞாயிறு, பாடசாலை மண்டபம் ஒன்றை எடுத்து எங்கள் கத்தோலிக்க ஆட்கள் வைக்கும் விழா அது. குழந்தைகள் பாடுவார்கள், ஆடுவார்கள், பாலன் பிறப்பு நாடகம் நடக்கும். நாடகத்துக்குக் குடில் வேண்டும். “இந்த முறை பிளாஸ்ரிக் பாலன் இல்லை” என்றாள் அக்கா. “எங்கடை டிலானியின்ரை பிள்ளைதான் பாலன்.” டிலானி அவளுடைய மகள். பிள்ளைக்கு நாலு மாதம். டிலானிதான் மாதா, அவளுடைய புருசன் சூசையப்பர், ஏற்கெனவே தாடி விட்டாயிற்றாம்.

அதாவது, நான் கட்டப்போகும் கூரைக்குக் கீழே என் அக்காவின் பேரப்பிள்ளை படுத்திருக்கும். அந்த நேரத்தில் இது எனக்குப் பெருமையாக மட்டுந்தான் பட்டது.

தூணையும் விட்டத்தையும் நான் அனுப்பிய அளவுக்கு ஒஸ்லோவிலேயே ஞானம் அத்தான் வெட்டி வைப்பதாக ஏற்பாடு. விசிறிச் செதுக்கலோடு முக்கோணக் கட்டைகளைச் செய்து தந்தவர் ஹார்ட்மூட். அவற்றைத் தன் பனிச்சறுக்குப் பையிலேயே அடுக்கித் தந்தார். “முதலில் இவை, பிறகுதான் கூரை” என்றார். நான் தலையாட்டினேன். ஜேர்மன் மொழியில் எனக்கு மிகவும் சரளமாக வருவது தலையாட்டல். பையில் மிச்சமிருந்த இடத்தில் என் மனைவி அக்காவுக்கென்று செய்த பயத்தம் பணியாரத்தைத் திணித்தாள்.

வியாழக்கிழமை ஒஸ்லோ விமான நிலையத்தில் என் கைப்பெட்டி வந்தது. பனிச்சறுக்குப் பை வரவில்லை. அளவு கூடிய பொருட்கள் வரும் கதவருகே ஒரு நாய்க் கூண்டும் நானும் மட்டும் மிஞ்சினோம். பிறகு நாய்க்கும் ஆள் வந்துவிட்டது.

முறைப்பாட்டு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துச் சிரித்தாள். “உங்கள் ஸ்கீ வடக்கே துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டது. ஒரு விளையாட்டுக் குழுவின் பைகளோடு சேர்ந்து ஏற்றிவிட்டார்கள்.”

“அது ஸ்கீ அல்ல.”

“கவலைப்படாதீர்கள். அங்கே இப்போது நல்ல பனி.”

கேட்டீர்களா? என் சாமானைத் தொலைத்துவிட்டு எனக்குக் காலநிலை சொல்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒரு வீட்டின் மூலைகளும் பயறு உருண்டைகளும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விளையாட்டுப் பொருட்கள் என்று தட்டினாள். நான் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, பயறு வறுத்து, இடித்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்த ஒரு பெண்ணின் உழைப்பைப் பற்றி முறிந்த ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கமே வைத்தேன். பாருங்கள், பணியாரத்துக்காகத்தான் அவ்வளவு கோபமும். விசிறிக் கட்டைகள் போனால் போகட்டும், அலங்காரந்தானே என்று எனக்கு ஒரு சின்னக் கவலைகூட இல்லை.

நகரத்துக்குப் போகும் ரயிலில் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்க, நின்றுகொண்டு வருகிறார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் பாதி ஆசனத்தில் மூன்று பேர் இருந்து நாலாவது ஆளின் மூட்டையையும் மடியில் வைத்திருப்போம். நான் போய் ஒரு கிழவரின் அருகே இருந்தேன். அவர் யன்னல் பக்கம் ஒதுங்கி, எதிரே இருந்த மனைவியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ஜேர்மன் தெரிந்தவனுக்கு நோர்வே மொழி அரைகுறையாய்ப் புரியும். “பக்கத்தில் இருந்துவிட்டார்” என்பதுதான் அவர் சொன்னது. அவ்வளவுதான், ஏதோ பாலம் இடிந்து விழுந்த செய்திபோல.

ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில், அக்காவின் வீடு எட்டாம் மாடியில். இடியப்பம், சொதி, சல்மன் மீன் குழம்பு. அத்தான் இடியப்பத்துக்கு மேலே நோர்வேக்காரரின் பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டுக்கொண்டிருந்தார். கருப்பட்டியும் மெழுகும் கலந்ததுபோல ஒரு சாமான். “முப்பது வருசமாத் தின்னுறன், தம்பி. பழகினால் விடமாட்டாய்” என்றார். முப்பது வருடம் பழக வேண்டிய ஒன்றை ஒரு மனிதன் ஏன் தொடங்க வேண்டும்?

“எங்கையடா பணியாரம்?” என்றாள் அக்கா.

“துரொண்ட்ஹெய்மிலை பனிச்சறுக்குது.”

அவள் முகத்தைப் பார்த்து அத்தான் சீஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை வைக்கோலும் கயிறும் வாங்க அத்தானோடு குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போனேன். தேபானா என்று இங்கே சொல்லும் நிலக்கீழ் ரயில் ஒரு நிலையத்தில் நின்று, இன்றைக்கு இதற்கு மேல் போகாது, பஸ்ஸில் ஏறுங்கள் என்றது. பஸ் சாரதி நிறுத்தத்தில் கிழவி ஒருத்தி ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தும் கதவைப் பூட்டினான். தொழில்முறையில் எனக்கு அது பொறுக்கவில்லை. என் பஸ்ஸில் நான் பார்த்துக்கொண்டே பூட்டுவதில்லை. பார்க்காததுபோல இருந்துதான் பூட்டுவேன்.

தமிழ்க்கடையில் முருங்கைக்காய்க்கு ஒட்டியிருந்த விலையைப் பார்த்து, அது கடையின் ரெலிபோன் நம்பரோ என்று கேட்டேன். அங்கேதான் சந்தியோகு அண்ணையைச் சந்தித்தேன். மன்னார்க்காரர், விழாக் குழுவின் மேடைப் பொறுப்பாளர், பெரிய மீசை. மருமகன் பிராங்பேர்ட் பக்கம் இருக்கிறாராம்.

“நீங்கள்தானே ஜேர்மன்காரர்?” என்று ரெலிபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். “உது மாதிரிச் செய்யுங்கோ. கையும் காலும் விரிச்சுக்கொண்டு ஒருத்தன் நிக்கிறான், பாருங்கோ. சுவரே உயிரோடை நிக்குது!”

காட்டு மனிதன். என் மூக்கு தானாகவே சுருங்கியது.

“அண்ணை, உது ஹெஸ்ஸன் பாணி. நாங்கள் கட்டிறது கீழ்ச் சாக்சனி. தூண் நெருக்கம், அடியிலை விசிறி. இரண்டையும் கலக்கக் கூடாது.”

“ஏன், கலந்தால் விழுந்திடுமோ?”

“விழாது. ஆனா அறிஞ்சவன் பாத்தால் சிரிப்பான்.”

“குரோருட்டிலை ஆர் ஐயா அறிஞ்சவன்?” என்றார். “சனத்துக்கு உந்த மனிசன்தான் பிடிக்கும். உங்கடை விசிறி எங்கை, காட்டுங்கோ பாப்பம்.”

விசிறி துரொண்ட்ஹெய்மில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் முருங்கைக்காயைப் பார்த்தார்.

“அப்ப உங்கடையிலை விசிறியும் இல்லை, மனிசனும் இல்லை. வெறும் பந்தல்” என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார். யாருக்குக் கோபம் வராது? நடுத்தெருவில் நின்று, கீழ்ச் சாக்சனி மக்களின் மானத்துக்காக நான் அத்தானோடு சண்டை பிடித்தேன். அவர் எனக்கு ஒரு சொசேஜ் வாங்கித் தந்தார். பாணுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றியிருந்தது. நல்லாயிருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் குடிலை நிமிர்த்தினோம். அத்தான் அளவு பிசகாமல் வெட்டியிருந்தார். தூண்களைக் கீழ்க்கட்டையில் செருகி, மேலே விட்டங்களை ஏற்றி, மர ஆணிகளைத் தட்டி இறக்கினேன். இரும்பாணி ஒன்றுகூட இல்லை. முன்பக்க விட்டத்தை ஒரு சாண் வெளியே தள்ளிவிட்டேன், கீழ்ச் சாக்சனி வயிறு. மேலே கூரைச் சட்டம், வைக்கோல். என்னை விட ஒரு முழம் உயரம். பாட்டுப் பழக வந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்கா படம் எடுத்து உலகம் முழுவதற்கும் அனுப்பினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தில் என் முகத்தைப் பார்க்க இப்போதும் எனக்குக் கூச்சம்.

அப்போது மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் நோர்வேக்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். குடிலைச் சுற்றி ஒருதரம் நடந்தார். ஒரு விரலை எடுத்து மூலைத் தூணில் வைத்துத் தள்ளினார்.

குடில் அப்படியே, மிக மரியாதையாக, பக்கவாட்டில் சாய்ந்தது. விரலை எடுத்தார். அது சாய்ந்தபடியே யோசித்துக்கொண்டு நின்றது. பெட்டி மாதிரி இருந்த முகப்பு, காலால் மிதித்த பெட்டி மாதிரி ஆயிற்று.

“நெய்” என்றார் அவர். வேண்டாம் என்பதற்கு நோர்வேக்காரருக்கு அந்த ஒரு சொல் போதும்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே எனக்கு வேர்வை. நிலம் சரியில்லை என்றேன். மரம் பச்சை என்றேன். நோர்வே மரத்துக்கு ஜேர்மன் பழக்கவழக்கம் தெரியாது என்றுகூடச் சொன்னேன். டிலானி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தாள். அவர் பதிலுக்குச் சொன்னதையும் மொழிபெயர்த்தாள்: “எங்கடை ஆக்கள் மரத்தைப் படுக்க வைச்சு ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கிறவை, படுத்திருக்கிறது விழாதாம். நீங்கள் ஏன் நிக்க வைக்கிறியள் எண்டு கேக்கிறார், மாமா.”

என்ன திமிர்! ஐந்நூறு வருடமாக நிற்கிற வீடுகள் இருக்கிற நாட்டைப் பார்த்து, ஏன் நிற்க வைத்தாய் என்கிறார். ஆனால் அதே கேள்வி எனக்குள்ளும் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

அன்று அங்கே மூளை வேலை செய்த ஒரே ஆள் அத்தான். மண்டபச் சுவரில் பிள்ளைகள் ஏறிப் பழகும் மரப்படிகள் பொருத்தியிருந்தன. வாங்கி வந்த நீல நைலோன் கயிற்றைக் குடிலின் மேல் மூலையில் கட்டி, மறு நுனியை அந்தப் படியில் இழுத்து முடிந்தார். குடில் நிமிர்ந்தது. சாவிக்கொத்துக்காரர் மறுபடி விரலால் தள்ளினார். அசையவில்லை. தோளால் தள்ளினார். நின்றது. “அந்தக் கயிறு இருக்கும்வரை சரி” என்றார்.

டிலானி என்னிடம் வந்தாள். பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

“மாமா, சிக்கரோ?”

நிச்சயமா, பயமில்லையா என்பதை இங்கத்தைப் பிள்ளைகள் இந்த ஒரு நோர்வேச் சொல்லாலேயே கேட்டுவிடுகிறார்கள்.

“சிக்கர்” என்றேன். “நூறு வீதம்.”

“இல்லாட்டிச் சொல்லுங்கோ. பொம்மையை வைப்பம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்.”

“கீழ்ச் சாக்சனிக் கூரைக்குக் கீழை பொம்மையோ?” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள், என்னை நம்பித்தான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பிறகும் பார்த்தேன். முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டேன். நாடகம் முடியும்வரை பின்னால் தொங்கும் கறுப்புத் துணிக்குப் பின்னே நின்று கயிற்றுக்குக் காவல் இருப்பது என்று தீர்மானித்தேன். அப்படியே இருந்தேன். மண்டபம் நிரம்பியது. சிற்றுண்டி மேசைப் பக்கமிருந்து வடை வாசம் வந்தது. நாடகத்துக்கு முன்னால் இரண்டு நடனம் இருக்கிறது என்றார்கள். இரண்டு நடனம் என்றால் எங்கள் விழாவில் நாலு. ஒரு வடை, ஒரு பிளேன்ரீ. அவ்வளவுக்குத்தான் போனேன்.

கோப்பையோடு திரும்பி வரும்போது விளக்குகளை மங்கலாக்கிவிட்டிருந்தார்கள். கூரைக்குக் கீழே டிலானி நீல முக்காட்டோடு முழந்தாளில் இருந்தாள். வைக்கோலில் பிள்ளை. அவளுடைய தாடிக்காரப் புருசன் கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். இருபுறமும் சம்மனசுகள், வெள்ளைச் சிறகோடு ஏழெட்டுச் சிறுமிகள். எல்லோரும் மேலே பார்த்து ஆவென்றார்கள். மண்டபத்தின் மறு கோடியிலிருந்து ஒரு பெரிய வெள்ளிப் பேப்பர் விண்மீன் கயிற்றில் தொங்கியபடி ஆடி ஆடிக் குடிலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அழகான விண்மீன். கயிறு நீலம்.

சுவர்ப் படியைப் பார்த்தேன். வெறும் படி. சந்தியோகு அண்ணை மூலையில் நின்று கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டு எனக்குப் பெருவிரலைக் காட்டினார். பிறகு விசாரித்தேன். விண்மீனுக்குக் கயிறு காணாமல் போய்விட்டதாம், “உங்கை சும்மா ஒரு கயிறு கட்டிக் கிடந்தது” என்றாராம். சும்மா! ஒரு வீடு நிற்பதா விழுவதா என்பதை அந்த மனிசன் சும்மா என்றார்!

கோப்பை எங்கே போனது என்று தெரியாது. அதே நேரம் இடப்பக்கத்துச் சம்மனசு ஒன்று, கொஞ்சம் கொழுத்த பிள்ளை, களைத்துப்போய்த் தூணில் சாய்ந்தது. முகப்பு அசைந்தது. நேற்றுக் கண்ட அதே மரியாதையான சாய்வு. இப்போது மேலே வைக்கோலும் கூரையும், கீழே அக்காவின் பேரப்பிள்ளை.

கத்தினால் சனம் எழும்பி ஓடும். பிள்ளைகள் அகப்படும். கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு பின்புறமாகக் குடிலுக்குள் பாய்ந்தேன். இரண்டு கையையும் விரித்து மேல் மூலைகளைப் பிடித்தேன், இரண்டு காலையும் பரப்பி அடிக்கட்டைகளில் ஊன்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். சாய்ந்தது நின்றது. முழுக்க நிமிரவில்லை. அப்படியே, என் கைக்கும் காலுக்கும் நடுவில், நின்றது.

டிலானி முக்காட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தாள். மேலே அத்தானின் கபில நிறக் கம்பளிச் சட்டையில் நான், சிலந்தி மாதிரி.

“மாமா, என்ன செய்யிறியள்?” என்றாள் உதடு அசையாமல்.

“ஒண்டுமில்லை. பிள்ளையைத் தூக்கு.”

“இன்னும் ராசாக்கள் வரேல்லை.”

“ராசாக்கள் பிறகு வருவினம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போ. சிரிச்சுக்கொண்டு போ.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பி, சூசையப்பரின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு, சனத்துக்கு நடுவே நடந்து போனாள். நாடகத்தில் இல்லாத காட்சி. சனம் எழும்பி நின்று கை தட்டியது. முன்வரிசையில் இருந்த சுவாமியார் கண்ணைத் துடைத்தார். மூன்று ராசாக்களும் எங்கே போவதென்று தெரியாமல் அவள் பின்னாலேயே போனார்கள்.

ஆனால் சம்மனசுகள் போகவில்லை. அவர்கள் பாடி முடிக்க வேண்டும். பாடினார்கள். பிறகு குழுத் தலைவர் நன்றியுரைக்கு வந்தார். எங்கள் நன்றியுரைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றி, அவரை அறிமுகப்படுத்தியவருக்கு நன்றி, வடை சுட்டவர்களுக்குத் தனித்தனியாக நன்றி. என் முழங்கால் இரண்டும் தையல் மெசின் மாதிரி அடித்தன. மூக்கில் ஒரு வைக்கோல் புகுந்தது. கொழுத்த சம்மனசு என்னை அண்ணாந்து பார்த்து, “நீங்கள் ஆர்?” என்று கேட்டது. “வீடு” என்றேன். அது தலையாட்டிவிட்டு மறுபடி என் தூணில் சாய்ந்தது.

கடைசியில் அத்தான்தான் விளங்கிக்கொண்டு, சம்மனசுகளுக்கு ரொபி இனிப்புத் தருவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். நான் கையை எடுத்தேன். குடில் மெதுவாக, கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு படுத்தது. நோர்வேப் பாணி.

சந்தியோகு அண்ணை கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். “பாத்தியளே, கடைசியிலை என்ரை சொல்லைக் கேட்டிட்டியள்! உயிருள்ள காட்டு மனிசன்! சனம் எல்லாம் படம் எடுத்தது!” என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நோகிற கையை மெல்ல உருவிக்கொண்டேன். அந்தப் படம் அதற்குள் ஜேர்மனிக்கும் போய், என் மனைவி அதை ஹார்ட்மூட்டுக்குக் காட்டி, அவர் பதிலும் அனுப்பியிருந்தார்: “நல்ல ஹெஸ்ஸன் வேலை. இடது முழங்காலை இன்னும் கொஞ்சம் மடித்திருக்கலாம். என் கட்டைகள் எங்கே?”

டிலானி உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே இருந்தாள். நான் போய் முன்னால் நின்று, கீழ்ச் சாக்சனியைப் பற்றி ஏதோ பகிடி விட வாயெடுத்தேன்.

“சிக்கர் எண்டனீங்கள், மாமா” என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

பக்கத்தில் இருந்தேன். பிறகு, கை நோகுதோ என்று கேட்டாள். ஓம் என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் துரொண்ட்ஹெய்மிலிருந்து பை வந்தது. பணியாரம் தூளாகியிருந்தது, அக்கா கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள். கட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தானும் நானும் மண்டபத்துக்குப் போய்க் குடிலைத் திரும்ப நிமிர்த்தி, தூண்களின் அடியில் விசிறி முக்கோணங்களைச் செருகி ஆணி இறக்கினோம். சாவிக்கொத்துக்காரர் விரலால் தள்ளினார், தோளால் தள்ளினார், பிறகு தன் முதுகைக் கொடுத்துத் தள்ளினார். குடில் அசையவில்லை. வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த முக்கோணங்கள். செதுக்கல் மட்டுந்தான் அலங்காரம்.

ஞாயிற்றுக்கிழமை அவை துரொண்ட்ஹெய்மில் இருந்தபடியால் அந்த இடத்தில் நான் நின்றேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை அது நித்திரை.